பாய்லர் டிக்கெட்டுக்கு யார் காசு கட்டுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் 11 வருடமாக பாய்லர் பார்க்கிறேன். என் முதல் கிரேடு சான்றிதழை, நாங்கள் 'டிக்கெட்' என்று சொல்வதை, ஆலையில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் மேனேஜர் முதலில் காட்டுவது அதைத்தான். அந்தச் சான்றிதழுக்காக அடகுக்கடைக்குப் போன என் மனைவியின் வளையல் திரும்பி வர 14 மாதம் ஆனது.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஆலைக்கு வரும் குலையை நீராவியில் வேக வைத்தால்தான் எண்ணெய் எடுக்க முடியும். வெட்டிய குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறி விலை இறங்கும். பிழிந்து மிஞ்சுகிற நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து பாய்லரை ஓட்டுகிறோம். அந்த நீராவியில்தான் டர்பைன் சுற்றி ஆலைக்கு மின்சாரமும் வருகிறது. டிக்கெட் உள்ள ஆள் இல்லாமல் அந்த பாய்லரை ஓட்டக் கூடாது என்பது சட்டம். 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-ஆம் தேதி ரத்தாகி, எல்லாம் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. அப்புறமும் இந்த விதி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஆக, டிக்கெட் எனக்கு எவ்வளவு தேவையோ, ஆலைக்கு அதைவிட அதிகம் தேவை.

நான் விண்ணப்பித்தபோது, "பாஸ் பண்ணிட்டு வா, கிளேம் பண்ணிக்கலாம்" என்றார்கள். நம்பினேன். எட்டு ஞாயிறு, தெலுக் இந்தானில் பஸ் ஏறி கிள்ளானில் வகுப்பு. வகுப்புக்கு மட்டும் 1,350 வெள்ளி (ரிங்கிட்). தேர்வு ஈப்போவில். முதல் தடவை வாய்மொழித் தேர்வில் தோற்றேன். ஆலையில் நாங்கள் எல்லோரும் 'கிளாஸ்' என்று சொல்வதை அங்கே மலாயில் 'தோலோக்' என்று கேட்டார்கள். தண்ணீர் மட்டம் காட்டும் அதே குழாய்தான். அதில் தண்ணீர் தெரியவில்லை என்றால் முதலில் என்ன செய்வாய் என்பது கேள்வி. நெருப்புக்குப் போகும் தீனியை நிறுத்துவேன், காய்ந்து கிடக்கும் பாய்லருக்குள் அவசரப்பட்டு தண்ணீர் விடமாட்டேன். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வார்த்தை புரியாமல் முழித்தேன். அடுத்த தடவை பாஸ்.

ரசீதுகளை ஒரு உறையில் போட்டு ஆபீஸுக்குக் கொண்டு போனேன். ஆபீஸ் கிளார்க்கான கிராணி நல்ல மனிதர்தான், அவரும் என்ன செய்வார்? தோற்ற தடவைக்குக் காசு இல்லை என்றார். வகுப்பு 'சொந்த விருப்பம்', பஸ்ஸுக்கும் ஓட்டலுக்கும் படிவத்தில் இடமே இல்லை. தேர்வுக்குப் போன நாட்களுக்குச் சம்பளம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. மொத்தச் செலவு 2,300 வெள்ளிக்கு மேல். கிடைத்தது பாஸான தடவைக்குக் கட்டிய தேர்வுக் கட்டணம் மட்டும். அதுவும் மூன்று மாதம் கழித்து. அதற்கும் சேர்த்து, மூன்று வருடம் வேறெங்கும் போகமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள்!

முதலாளி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இவர்கள் செலவு செய்து ஆளைத் தேற்றினால், பக்கத்து ஆலை 200 வெள்ளி கூடக் கொடுத்து இழுத்துக்கொள்ளும். நானே ஒரு முறை போகப் பார்த்தவன்தான். முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு இரண்டு வருடம் இரு என்று சொன்னால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவேன்.

ஆலையிடம் பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்து மலேசியத் தொழிலாளர்களுக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்தில் கட்டுகிறார்கள். தொழிலாளிக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அந்தப் பணம். ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது முதலாளி. நான் நேராகப் போய்க் கேட்க முடியாது. எங்கள் ஆலையில் அந்தப் பணம் ஆபீஸ் ஆட்களின் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதைப் பார்த்தேன். பாய்லர் பக்கம் வந்து பார்த்ததில்லை. படிப்புச் செலவுக்கு வருமான வரியில் 7,000 வெள்ளி வரை கழிவு உண்டே என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். சரி, வரி கட்டுகிற அளவு சம்பளம் வந்தால்தானே கழிப்பதற்கு?

நான் கேட்பது இதுதான். வகுப்புக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் ஆலையே முன்கூட்டிக் கட்டட்டும். ஒரு தடவை தோற்றால் அதையும் தாங்கட்டும். தேர்வு நாளைச் சம்பளத்தோடு விடட்டும். தொழிற்சங்கம் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் அலவன்ஸோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும்.

என் ஷிப்டில் ஒரு தம்பி இருக்கிறான். வயது 24, கைவேலை சுத்தம். சத்தத்தைக் கேட்டே விசிறியில் கோளாறு என்று சொல்லிவிடுவான். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. இரண்டாம் கிரேடு வகுப்புக்குப் பெயர் கொடு என்று ஆறு மாதமாகச் சொல்கிறேன். "காசு சேரட்டும் அண்ணே" என்கிறான். இந்த மாதக் கடைசியோடு பெயர்ப்பதிவு முடிகிறது.

இப்படிக்கு,
ஒரு பாய்லர்மேன்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்