அண்ணி, மறுபடி முதல் நாளுக்குப் போகாதீங்க

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். வீடியோ பாத்து வீட்லயே பண்ற அந்த அறுபது நாள் இன்சானிட்டி எக்சர்சைஸ் கோர்ஸ்ல, கல்யாணத்துக்குப் போனதுல ஆறு நாள் விட்டுப்போச்சு, வெயிட்டும் ஒரு கிலோ ஏறிருக்கு, அதனால இது போதும், ஆடி கழியட்டும், ஆவணி பொறந்ததும் முதல் நாள்லேருந்து ஒழுங்கா ஆரம்பிச்சுக்கிறேன்னு சொல்லிருந்தீங்க. இத போன்லயே பேசி முடிச்சிருக்கலாம்தான், ஆனா எங்க ஸ்கூல் டீச்சருங்கள்ல பாதிப் பேரு இதே கதையத்தான் சொல்றாங்க, அதனால உங்கள கேட்டுக்கிட்டு பொதுவுலயே எழுதுறேன். பேரு போடல, ஊரும் கும்பகோணம் பக்கம்னு மட்டும்தான், பயப்படாதீங்க.

ஆவணியில ஆரம்பிப்பீங்க, சரி. விநாயகர் சதுர்த்தி வரும், அப்பறம் சம்பா நடவு, வீட்ல ஆளுங்களுக்கு டீயும் சாப்பாடும் நீங்கதான், நவராத்திரி, தீபாவளி, ஐப்பசி அடமழை, நடுவுல யாராச்சும் ஒருத்தருக்கு வளைகாப்பு. நம்ம பக்கத்துல அறுபது நாள் சேந்தாப்புல எதுவுமே குறுக்க வராம இருக்கிற மாசம்னு ஒண்ணு காலண்டர்ல எங்க இருக்கு? ஒவ்வொரு தடவையும் முதல் நாளுக்குப் போனீங்கன்னா வாழ்நாள் பூரா முதல் ரெண்டு வாரத்த மட்டும்தான் பண்ணிக்கிட்டு இருப்பீங்க.

இன்சானிட்டி இருக்கே, நீங்க எடுத்துருக்கிறது, அமெரிக்க டிரெய்னர் ஷான் டி 2009ல கொண்டுவந்தது, அது சும்மா வீடியோ மூட்டை கிடையாது, ஒரு கணக்கா அடுக்குனது. வாரத்துக்கு ஆறு நாள், முதல் மாசம் சுமார் நாப்பது நிமிஷம், நடுவுல ஒரு வாரம் லேசா, அப்பறம் ரெண்டாவது மாசம் ஒரு மணி நேரம் வரைக்கும் போகும். புதுசா ஒரு வேலைய உடம்புக்குக் குடுத்தா அடுத்த நாள் வலிக்கும், ரெண்டாவது மூணாவது நாள்ல இன்னும் ஜாஸ்தி வலிக்கும், அப்பறம் அடங்கிடும், அதே வேலைய திரும்பத் திரும்பக் குடுத்தா அந்த அளவுக்கு வலிக்காது, தசை அதுக்குள்ள பழகிடுது. அதாவது வலி பூரா ஆரம்பத்துலதான் இருக்கு. நீங்க போன தைக்கப்பறம் ஆரம்பிச்சு விட்டது, சித்திரையில ஆரம்பிச்சு விட்டது, இப்ப இது, மூணு தடவையும் மாடிப்படி எறங்க முடியாத அந்த வலிய முழுசா அனுபவிச்சீங்க, பழகிப்போனதோட சுகத்த ஒரு தடவகூட பாக்கல. எனக்கு அதுதான் ஆத்தாமையா இருக்கு.

ஆறு நாள் விட்டதுல என்ன போயிரும்னா, சத்தியமா ஒண்ணும் போகாது. மூச்சுத் தெம்பு குறைய ஆரம்பிக்கவே சுமார் ரெண்டு வாரம் சும்மா இருக்கணும், தசை பலம் அதவிட இன்னும் தாங்கும், மூணு நாலு வாரம்கூட. அதனால எங்க விட்டீங்களோ அந்த நாளையே எடுங்க. உங்களுக்குப் பயமா இருந்தா அதுக்கு முன்னாடி நாள ஒரு தடவ போட்டுட்டு மேல போங்க. ரெண்டு வாரத்துக்கு மேல விட்டுப்போச்சுன்னா ஒரு வாரம் பின்னாடி வாங்க, அவ்ளோதான். காய்ச்சல்னா மட்டும் வேற கணக்கு, காய்ச்சல் முழுசா விட்டு சாப்பாடு எறங்குற வரைக்கும் குதிக்கவே கூடாது, அப்பறமும் பாதி வேகத்துலதான் ஆரம்பிக்கணும்.

இன்னொன்னு, உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கு என்னன்னா பெரியவங்களுக்கு வாரத்துல 75லேருந்து 150 நிமிஷம் கடுமையான உடற்பயிற்சி போதும், மிதமானதுன்னா 150லேருந்து 300. பேச ஆரம்பிச்சா ரெண்டு வார்த்தைக்கு மேல மூச்சு வாங்குதுன்னா அது கடுமையானது. உங்க வீடியோவுல வார்ம்அப்பு, ஸ்ட்ரெச்சு எல்லாம் கழிச்சாலும் ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு நிமிஷம் தேறும், மூணு நாள் போட்டாலே 75 வந்துருச்சு. ஆறு நாளும் போட்டாத்தான் பிரயோஜனம், ஒண்ணு விட்டாலும் வேஸ்ட்டுன்னு யாரு சொன்னது? நடவு வாரத்துல மூணு நாள் போடுங்க, அறுபது நாள் கோர்ஸு தொண்ணூறு நாளா இழுக்கட்டுமே, அந்த ஷான் டி என்ன நம்ம வீட்டுக்கு வந்து ரிஜிஸ்டர்லயா கையெழுத்து வாங்கப் போறாரு.

வெயிட்டு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்கள சாய்ச்சது அந்த ஒரு கிலோதான்னு எனக்குத் தெரியும். மூணு வாரத்துல ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா அதுக்கு நீங்க ரொம்ப சாப்புட்டுருக்கணும். கல்யாண சாப்பாடுதான், இருந்தாலும். நெஜத்துல நடக்குறது இது: புதுசா உழைச்ச தசை உள்ளுக்குள்ள லேசா கிழிஞ்சு வீங்கி சரியாகுது, அந்த வீக்கத்துக்குத் தண்ணி புடிச்சு வச்சுக்கும். தசை தனக்கு வேண்டிய மாவுச்சத்த கிளைகோஜனா ஜாஸ்தியா சேத்து வைக்கப் பழகும், ஒரு கிராம் கிளைகோஜனோட சுமார் மூணு கிராம் தண்ணியும் ஒட்டிக்கும். அதுக்கு மேல பந்தியில ஊறுகா, அப்பளம், வத்தக்குழம்புன்னு உப்பு, அதுவும் தண்ணிய நிறுத்தும். மாசமாசம் வர்ற நாளுக்கு முன்னாடி வேற ஏறும். இது எல்லாம் தண்ணி அண்ணி, தண்ணிக்குப் போயி நீங்க அழுவுறீங்க. அந்த மெஷின எடுத்து பரண்ல போடுங்கன்னு சொன்னா கேக்க மாட்டீங்க, அதனால மாசத்துக்கு ஒரு தடவ, அதுவும் காலையில எந்திரிச்சு வெறும் வயித்துல, பாருங்க. தினம் பாத்தா காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு காட்டும்.

அதுக்குப் பதிலா எத பாக்கணும்னா உங்ககிட்டயே ரெண்டு சாமான் இருக்கு. ஒண்ணு உங்க அளவு ஜாக்கெட்டு. டெய்லர்கிட்ட குடுக்குற அதே ஜாக்கெட்ட, தச்சு பிரிச்சு விடாதத, மாசம் ஒரு தடவ போட்டுப் பாருங்க, கை எறங்குதா, கொக்கி எப்புடி மாட்டுதுன்னு. ரெண்டாவது இஞ்சு டேப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேல் நுனிக்கும் நடுவுல, மூச்ச விட்டுட்டு, வயித்த எக்காம அளக்கணும். நம்ம ஊரு பொம்பளைங்களுக்கு 80 செண்டிமீட்டருக்கு மேல போனா சுகருக்கும் பிரஷருக்கும் வழி ஆகுதுன்னு டாக்டருங்க வச்சிருக்கிற கோடு, இஞ்சுல 31.5. நீங்க 34 இருந்து 33 ஆயிருக்கீங்க. அதே மெசேஜ்ல கடைசியில முணுமுணுன்னு சொன்னீங்க பாருங்க. ஒரு இஞ்சு கொறஞ்சத முணுமுணுத்துட்டு ஒரு கிலோ ஏறுனத சத்தமா சொல்றீங்க!

இதெல்லாம்கூட ரெண்டாம்பட்சம். இந்த கோர்ஸ்லயே ஒரு நல்ல அளவுகோல் வச்சிருக்காங்க, ஃபிட் டெஸ்ட்டு. எட்டு வகை, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், எத்தன தடவ பண்ணுனோம்னு எண்ணி எழுதிக்கணும். சுவிட்ச் கிக், பவர் ஜாக், பவர் நீ, பவர் ஜம்ப், குளோப் ஜம்ப், அந்த பேர் வெளங்காத சூசைட் ஜம்ப், புஷ்அப் ஜாக், லோ பிளாங்க் ஆப்ளிக். முதல் நாள் உங்க புஷ்அப் ஜாக் 6. பதினஞ்சாம் நாள் 11. நான் பி.டி. டீச்சர், கிரவுண்டுல வருஷக்கணக்கா புள்ளைங்கள பாக்குறேன், ரெண்டு வாரத்துல இது சும்மா வர்ற நம்பர் இல்ல, முதல்ல வர்றது கைப்பலம்கூட இல்ல, நரம்பு தசைய கூப்புடக் கத்துக்குது, அதான் தசை பெருசாகறதுக்கு முன்னாடியே எண்ணிக்கை ஏறிரும். மெஷின்ல தெரியாதது இங்க தெரியும்.

ஆனா டெஸ்ட்ட ஒரே மாதிரி எடுக்கணும். முதல் தடவ காலையில அஞ்சு மணிக்கு வெறும் வயித்துல எடுத்துட்டு அடுத்தத மத்தியானம் சாப்புட்டு நாலு மணி வெக்கையில, கரண்ட்டு வேற போயி, ஃபேன் இல்லாம எடுத்தா எண்ணிக்கை கொறையத்தான் செய்யும், அத வச்சு நாம பின்னாடி போறோம்னு முடிவு கட்டக் கூடாது. அதே நேரம், அதே தரை, அதே செருப்பு, மன்னிக்கணும், ஷூ. பாதி உக்காந்து எந்திரிச்சத ஒண்ணுன்னு எண்ணாதீங்க, முழுசா போனதுதான் ஒண்ணு.

எழுதி வைக்க போன்ல ஆப் எதுவும் வேணாம். வருஷப் பொறப்புக்கு உரக்கடையில அண்ணனுக்குக் குடுத்தானே டைரி, அது அலமாரியில சும்மாதான கெடக்கு. ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, எந்த வீடியோ, எத்தனாவது நிமிஷத்துல நிறுத்தி மூச்சு வாங்குனீங்க. அந்த நிறுத்துன நிமிஷம்தான் எனக்குப் புடிச்ச கணக்கு, போன வாரம் பன்னெண்டுல நிறுத்துனவங்க இந்த வாரம் பதினேழுல நிறுத்துனா வேற என்ன சர்ட்டிபிகேட் வேணும். போடாத நாளுக்கும் ஒரு வரி எழுதுங்க, "நடவு", "வளைகாப்பு", "தலவலி", "மனசில்ல", எதுவா இருந்தாலும். வெறும் பக்கமா விட்டீங்கன்னா அடுத்த வாரம் அத பாக்கும்போது எல்லாம் போச்சேன்னு தோணும், "வளைகாப்பு"ன்னு எழுதியிருந்தா ஓ அன்னிக்கு வளைகாப்புன்னு தோணும். முடிஞ்சா படுக்கையிலேருந்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாடிய அர நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கி அதையும் ஓரத்துல எழுதுங்க. வாரம் போகப்போக அது மெதுவா எறங்கும். ஒரு நாள் திடீர்னு வழக்கத்தவிட எட்டு பத்து கூட இருந்தா தூக்கம் பத்தல இல்ல ஏதோ ஒடம்புக்கு வரப்போகுதுன்னு அர்த்தம், அன்னிக்கு ஸ்ட்ரெச்சோட நிறுத்திக்குங்க.

இப்ப கொஞ்சம் வீட்டு விஷயம். நைட்டியில குதிக்காதீங்க, கால்ல மாட்டி முன்னாடி விழுந்து வச்சா கோர்ஸ் அங்கயே முடிஞ்சுரும். டீஷர்ட்டு, டிராக் பேண்ட்டு, நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா, இந்த மூணாவதுல காச பாக்காதீங்க. கோரப்பாய் மேல குதிச்சா வழுக்கிக்கிட்டு போகும், டைல்ஸ்ல வேர்வ சொட்டுனா அதவிட மோசம், பழைய சிமெண்ட்டு தரை இருக்கே கூடத்துல, அதுதான் இருக்கிறதுலயே நல்ல எடம். ஆனா வெறுங்கால்ல வேணாம், முட்டி வாங்கிரும். வீட்டுக்குள்ள ஷூவான்னு அம்மா ஆரம்பிப்பாங்க, வாசப்படியே தாண்டாத புது ஷூன்னு சொல்லுங்க, கேக்கலன்னா அம்மாவ நான் பேசிக்கிறேன், எங்கம்மாதான.

பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர்கூட சொல்லிக்காத ஒண்ணு. ரெண்டு பிரசவத்துக்கப்பறம் குதிக்கும்போது ரெண்டு சொட்டு சிறுநீர் கசியிறது ரொம்ப பேருக்கு இருக்கு, இடுப்புக்கு அடியில தாங்கிப் புடிக்கிற தசை தளந்துருக்குன்னு அர்த்தம். இருந்துச்சுன்னா பாதியில விட்டுட்டு ஓட வேணாம், வெக்கமும் வேணாம், அந்த ஜம்ப்புக்குப் பதிலா ஒவ்வொரு காலா எடுத்து வச்சுப் பண்ணலாம், டாக்டர்கிட்ட இல்ல பிசியோகிட்ட போனா அந்த தசைக்குன்னே பயிற்சி சொல்லிக் குடுப்பாங்க, சரியாகக்கூடிய விஷயம். குதிக்காம பண்ணுனாலும் ஃபிட் டெஸ்ட்டு ஃபிட் டெஸ்ட்டுதான், டைரியில "குதிக்காம"ன்னு ஒரு வார்த்த சேத்துக்குங்க, அடுத்த தடவையும் அப்புடியே எண்ணுங்க.

புழுக்கம், வெக்கை விஷயத்துல மட்டும் வெளையாடாதீங்க. நம்ம பக்கத்து புழுக்கத்துல வேர்வ காயாது, உடம்பு சூடு எறங்காது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சுருங்க. தல சுத்தல், நெஞ்சுல பாரம் வந்தா அங்கயே நிறுத்தணும். ரொம்ப நாள் விட்டுட்டு ஒரே நாள்ல வெறியா போட்டு, ரெண்டு நாள் கழிச்சு தசை தாங்க முடியாத வலியோட சிறுநீர் காப்பி டிக்காஷன் மாதிரி போச்சுன்னா அது சாதா வலி இல்ல, தசை கரைஞ்சு கிட்னிக்குப் போகுது, அன்னிக்கே ஆஸ்பத்திரி. அபூர்வம்தான், ஆனா முதல் நாள்லேருந்து வெறியா ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும்.

சாப்பாடு பத்தி நான் பெருசா சொல்லப் போறதில்ல, பழைய சோறு கெட்டதுன்னு எவனாச்சும் ரீல்ஸ்ல சொன்னா கேக்காதீங்க, கூட ரெண்டு முட்ட வச்சுக்குங்க, ஒண்ணுல ஆறு கிராம் புரோட்டீன் இருக்கு. மீனு, சுண்டல், பருப்பு. அசோகா அல்வாவும் பாசிப்பருப்புலதான பண்றாங்கன்னு அண்ணன் ஒரு நியாயம் பேசுவான், அதுல இருக்கிற நெய்யும் சக்கரையும் எங்க போகும்னு திருப்பிக் கேளுங்க.

அதனால நாளைக்கு காலையில பதினேழாம் நாள் வீடியோ. டைரியில அந்த ஆறு நாளுக்கும் "கல்யாணம்"னு எழுதிட்டு ஆரம்பிங்க. அடுத்த ஃபிட் டெஸ்ட்டு லேசான வாரம் முடிஞ்சப்பறம்தான், அதுக்கு முந்துன நாள் சாயந்தரம் மன்னார்குடியிலேருந்து பஸ் ஏறி வந்துர்றேன். விசில் என்கிட்ட இருக்கு. சின்னவன எண்ணச் சொல்லுவோம், அவன் ஏமாத்தாம எண்ணுவான், பெரியவன் உங்க மேல பாசத்துல ரெண்டு மூணு சேத்துருவான்.

இப்படிக்கு,
உங்க நாத்தனா