இலவச கிரிக்கெட்டுக்கு வந்த பில்

ஆசிரியருக்கு வணக்கம்.

எந்த ஆப் எந்தப் படத்தை எத்தனை கோடிக்கு வாங்கியது, எந்தக் கம்பெனி எதனோடு சேர்ந்தது என்று நிறைய எழுதுகிறீர்கள். எல்லாமே விற்கிறவர் பக்கத்துக் கணக்கு. காசு கட்டிப் பார்க்கிறவன் பக்கத்துக் கணக்கையும் ஒருமுறை போடலாமே என்றுதான் இந்தக் கடிதம்.

2022 ஜூனில் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ஐந்து வருடத்துக்கு 48,390 கோடிக்கு ஏலம் போனது. மொத்தம் 410 ஆட்டம், வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு 118 கோடி. டிவி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கு, ஆன்லைன் உரிமை ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்18-க்கு. அதுவரை டிஸ்னியின் ஹாட்ஸ்டார் ஆப்பில் சந்தா கட்டிப் பார்த்த ஆட்டத்தை 2023-இல் வயாகாம்18-இன் ஜியோசினிமா சும்மாவே காட்டியது. எங்கள் தெருமுனை டீக்கடையில் சர்க்கரை டப்பாவில் ஒரு போனைச் சாய்த்து வைத்து எட்டுப் பேர் பார்த்தோம், நடுவில் கல்லாக்காரருக்கு போன் வந்தால் ஆட்டம் நின்றுவிடும், அவரை எல்லாரும் திட்டுவோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று யாரும் யோசிக்கவில்லை. ஆனால் மாட்டுக்குத் தீவனம் நாங்கள்தான் போட்டோம். ஆட்டம் இலவசம், டேட்டா எங்கள் ரீசார்ஜ்.

அப்புறம் என்ன ஆனது? அடித்துக்கொண்ட ஸ்டாரும் வயாகாம்18-உம் 2024 நவம்பரில் ஒன்றாகிவிட்டார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் என்று ஒரே ஆப் வந்தது (காதலர் தினம், நாள் பார்த்துத்தான் வைத்தார்கள் போல). அந்த வருட ஐபிஎல்லை முழுதாகப் பார்க்க சந்தா கட்ட வேண்டும், இல்லையென்றால் ஜியோவில் 299-க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்ய வேண்டும். தினம் 1.5 ஜிபி தரும் அந்த 299 ரூபாய் பிளான் 2024 ஜூலைக்கு முன் 239.

அமேசான் பிரைமும் சளைத்ததில்லை. 2021 டிசம்பரில் வருடச் சந்தா 999-இலிருந்து 1,499 ஆனது, 2025 ஜூனில் அதே சந்தாவுக்குள் விளம்பரம் வந்தது, விளம்பரம் வேண்டாமென்றால் இன்னொரு 699. நெட்ஃபிளிக்ஸ் மட்டும் அதே 2021 டிசம்பரில் மொபைல் பிளானை 199-இலிருந்து 149-ஆகக் குறைத்தது. இங்கே இன்னும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது, வேறென்ன.

விலையைக்கூட விடுங்கள். என் அம்மா ஒரு ஆப்பில், பெயர் வேண்டாம், ஒரு தொடரைப் பாதிவரை பார்த்து வைத்திருந்தார். ஒரு நாள் இரவு தேடினால் தொடரே இல்லை. உரிமை வேறு இடத்துக்குப் போய்விட்டதாம். நான்தான் ரிமோட்டில் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டேன் என்று இன்றுவரை நம்புகிறார்.

கேபிளில் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் காட்ட வேண்டும் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி இருக்கிறது. ஆப்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வருடச் சந்தா வாங்கினால் அந்த வருடம் முடிகிறவரை பாதியில் எதையும் மாற்றக் கூடாது, ஒரு படமோ தொடரோ போகப்போகிறது என்றால் ஒரு மாதம் முன்பே திரையில் சொல்ல வேண்டும். இதைக் கேட்பது பேராசையா?

அரசு செய்கிறபோது செய்யட்டும். அதுவரை நீங்கள் மாதம் ஒருமுறை எந்த ஆப் எவ்வளவு, எது எங்கே போயிற்று என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். தங்கம் விலைக்குப் பக்கத்திலேயே போட்டால் நல்லது, அம்மா காலையில் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவில்பட்டி