பகடையிலிருந்து சீட்டுக்கட்டுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரம் பலகையே கோலோச்சும் வட சென்னையில், பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டிலும் இளைஞர் சிலருக்கு நாட்டம் பிறந்திருக்கிறது. இதைத் தமிழில் வெளியிட்டுப் பிழைக்க நினைப்போர், முன்னோடிகளின் வரலாற்றைப் பார்ப்பது நல்லது. ஒரு விதிநூலை வாங்கிய குழு அதை வைத்தே ஆண்டுக்கணக்கில் ஆட முடியும் என்பதால், வெளியீட்டாளர்கள் வேறு சரக்கைத் தேடுவது இயல்பே.

1974இல் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம், நாவல், இதழ், பொம்மை எனத் தொடங்கி, சம்பந்தமே இல்லாத பூத்தையல் தொழில்வரை கைவைத்தது. நாவல்கள் நன்றாகவே விற்றன. ஆனாலும் பின்னாளில் கடைகளிலிருந்து திரும்பி வந்த புத்தகங்களும் கடனும் சேர்ந்து அழுத்த, 1997இல் அது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. வாங்கியவர்களும் பாத்திர விளையாட்டு நூல்களில் தொடங்கியவர்களே; அவர்களுக்குப் பணபலம் தந்ததோ 1993இல் வெளியிட்ட ‘மேஜிக்’ சீட்டுக்கட்டு. (1999இல் அவர்களையும் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது!)

ஆகவே நம் இளைஞர்கள் பனியனும் குவளையும் அச்சடிப்பதைத் தள்ளிவைத்து, பெரம்பூர் ஆலைகளையும் காசிமேட்டையும் களமாகக் கொண்ட கதைப் புத்தகங்களை முதலில் சிறிய எண்ணிக்கையில் அச்சிட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.