கடத்தல் குரல் பதிவை யாரும் பரப்ப வேண்டாம்

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

‘பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது’ என்ற குரல் பதிவு நேற்று இரவு முதல் நம் வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த ஊர், எந்த நாள், பேசுவது யார் என்று அதில் ஒரு விவரமும் இல்லை.

இதைச் சாதாரணமாக விட எனக்கு மனம் வரவில்லை. 2018 மே மாதம் இதே மாதிரி வதந்தி வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்தது. அப்போது போளூர் அருகே கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்த வந்தவர் என்று நினைத்து ஊரார் கூடி அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். நம் வீட்டுப் பாட்டிகளும் குழந்தையைக் கண்டால் சாக்லேட் கொடுக்கத்தானே செய்வார்கள்!

செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். அனுப்பியவர் நமக்கு வேண்டியவர் என்பதால் செய்தி உண்மையாகிவிடாது. உண்மையிலேயே யார் மீதாவது சந்தேகம் இருந்தால் அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள். அவரின் படத்தை எடுத்துக் குழுவில் போடாதீர்கள்.

இன்னொன்று: கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ‘ஏபிகே’ கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்க வேண்டாம்; அதன் வழியே மோசடிக்காரர்கள் பணத்தைப் பறிக்கக்கூடும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள்.

குரல் பதிவை இங்கே பகிர்ந்தவர்கள் இன்றே ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுத்துவிடுங்கள். வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தால் அங்கும் நீக்கி, அது உறுதியாகாத செய்தி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

– குழு நிர்வாகி