ஸ்டோக் மாண்டவில் அகழாய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரின் பழைய புனித மரியாள் ஆலயத்தைத் தோண்டிய தொல்லியலாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் அங்கே கண்டெடுத்து, 2021 அக்டோபரில் வெளியான ரோமானியச் சிலைகளின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. ஆண், பெண் என இரண்டு மார்பளவுச் சிலைகள், ஒரு குழந்தையின் தலை. அந்தப் பெண்ணின் முகத்தை நானும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த மடல் அவளுக்காக அல்ல. அதே இடத்தில் சுமார் 900 ஆண்டுகளாக அடக்கமாகி வந்த பங்குமக்களுக்காக.

1080 வாக்கில் எழுந்த ஆலயம் அது. 1866-இல் ஊருக்குப் பக்கத்திலேயே புது ஆலயம் கட்டியதும் பழையது கேட்பாரற்றுப் போனது. ஆபத்தான கட்டடம் என்று 1966-இல் ராணுவப் பொறியாளர்கள் அதைத் தகர்த்தார்கள். அப்புறம் அது வெறும் கல்மேடு. எச்.எஸ்.2 அதிவேக ரயில்பாதை அதன் மேலேயே வருவதாக இருந்ததால்தான் நீங்கள் போனீர்கள். இடிபாட்டை அள்ளிப் பார்த்தால், உள்ளே கிட்டத்தட்ட ஐந்தடி உயரச் சுவர்கள், தரைகூடக் கலையாமல்! அதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்தச் சுவர்களையும் பிரித்துத்தான் கீழே போக முடிந்தது. தீக்கல்லால் ஆன சதுர அடித்தளம் தெரிந்தபோது, ரோமானியருக்குப் பின் வந்த சாக்ஸன் காலக் கோபுரம் என்றீர்கள். சுற்றியிருந்த பள்ளத்தில் சிலைகள் கிடைத்ததும், ரோமானியர் கட்டிய சமாதி மண்டபமாக இருக்கலாம் என்று நீங்களே திருத்திக்கொண்டீர்கள். அந்த நேர்மையை நம்பித்தான் எழுதுகிறேன்.

ஆலயமும் கல்லறைகளும் இனி அந்த இடத்தில் இல்லை. உங்கள் வரைபடங்களிலும் குறிப்பேடுகளிலும்தான் இருக்கின்றன. எடுத்த உடல்கள் சுமார் 3,000. அவர்களில் பலர் உழுதும் அறுத்தும் பிழைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். மூட்டுத் தேய்மானத்தில் உழைப்பு தெரியும், பல் எனாமலில் விழுந்த கோடுகளில் சின்ன வயதில் பட்ட பசியும் நோயும் தெரியும். 1348-இல் பிளேக் கொள்ளைநோய் இங்கிலாந்தில் கால் வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே பங்கின் மக்கள் ஒரே கல்லறைத் தோட்டத்தில்! இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை ஊர்களுக்குக் கிடைக்கும்? சிலைகளுக்குத் தந்த இடத்தில் பாதியாவது இவர்களுக்கும் தாருங்கள். ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் அட்டவணையாக மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. நடுவில் துளையும் அதிலிருந்து விரியும் கோடுகளுமாக இரண்டு கற்கள் கிடைத்தனவே, அவை வழிபாட்டு நேரம் காட்டும் சூரியக் கடிகாரமா, தீய ஆவிகளைச் சிக்கவைக்கும் காப்புக் குறியா? ஒரு கல், நேரம் பார்க்க வசதியான உயரத்தில் இல்லாமல் தரையை ஒட்டி இருந்ததால் எனக்குக் காப்புக் குறி என்றுதான் படுகிறது. நீங்கள் இரண்டு வாதங்களையுமே எழுதுங்கள். எழுதியதை எளிய நடையில் சின்னப் புத்தகமாக்கி, அந்த 1866 ஆலயத்தின் வாசலில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எடுத்துப் படிக்கட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்