ஆப்பிரிக்க இலக்கியம்: எந்த நாவலில் தொடங்கலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தம்முடைய வாசகர் வட்டம் அடுத்து ஆப்பிரிக்க இலக்கியம் படிக்கவிருப்பதாகவும், எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்றும் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்கள் ஊரிலும் பல ஆண்டுகளாக ஒரு வாசகர் வட்டம் நடக்கிறது. அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

'ஆப்பிரிக்காவை அறிமுகப்படுத்தும் நாவல்' என்று ஒன்றைத் தேடவே வேண்டாம். 54 நாடுகள் கொண்ட ஒரு கண்டத்தை ஒரே நாவலின் தலையில் ஏற்றிவைப்பது அந்த நாவலுக்கு இழைக்கும் அநியாயம். இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களின் பட்டியலைக் கையில் எடுப்பதும் உதவாது. சோயிங்கா (1986), மஹ்ஃபூஸ் (1988), குர்னா (2021) எல்லோரும் பெரிய எழுத்தாளர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பரிசுக்காகத் தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் பாதிப்பேர் முடிக்காமலேயே கூட்டத்துக்கு வந்து, மரியாதைக்கு நாலு வார்த்தை பாராட்டிவிட்டுப் போவார்கள். கூடிப் படிப்பதற்கு வேண்டியது, வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும்படியான புத்தகம்.

அந்த வகையில் என் முதல் பரிந்துரை, செனகல் நாட்டு மரியாமா பா 1979-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய சிறிய நாவல். ஆங்கிலத்தில் 'ஸோ லாங் எ லெட்டர்' என்ற பெயரில் வந்திருக்கிறது. ஏறக்குறைய நூறு பக்கம்தான். கணவனை இழந்து துக்கம் காக்கும் ரமத்துலாய் என்ற பள்ளி ஆசிரியை, தன் தோழி ஐசத்துவுக்கு எழுதும் நீண்ட கடிதமே கதை. இருவருடைய கணவன்மாரும் இன்னொரு பெண்ணை மணந்தவர்கள்.

அதில் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் இமாமும், ரமத்துலாயின் கணவனுடைய சகோதரனும், அவனுடைய நண்பனும் நன்றாக உடுத்திக்கொண்டு அவள் வீட்டுக்கு வருகிறார்கள். கடவுள் சித்தம், விதி என்றெல்லாம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, அவள் கணவன் அன்றுதான் இரண்டாம் திருமணம் செய்துகொண்டதைச் சொல்கிறார்கள். மணப்பெண் அவளுடைய மகளின் பள்ளித் தோழி. ரமத்துலாய் அழவில்லை. புன்னகையோடு நன்றி சொல்கிறாள், குடிக்கக் கொடுக்கிறாள், கைகுலுக்கி வழியனுப்புகிறாள். பன்னிரண்டு பிள்ளைகளின் தாயான அவள் அந்த மண வாழ்க்கையை விட்டு வெளியேறவும் இல்லை. ஐசத்துவோ, கணவனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு நான்கு மகன்களோடு கிளம்பிவிடுகிறாள். யார் செய்தது சரி? எங்கள் வட்டத்தில் அன்று நேரம் போனதே தெரியவில்லை. ஐசத்து பொற்கொல்லர் வீட்டுப் பெண் என்பதால், அரச வம்சப் பெருமை பேசும் மாமியார் அவளை ஏற்க மறுத்து, தன் தம்பி மகளை வளர்த்து ஆளாக்கி மகனுக்கு மணம் முடித்து வைக்கிறாள். இந்த இடத்துக்கு நம் வாசகர் யாருக்கும் அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

இதற்கு அடுத்தபடியாக ஜிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்ப்கா 1988-இல் வெளியிட்ட 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்'. அண்ணன் இறந்தபோது தான் வருந்தவில்லை என்று ஒரு பெண் சொல்வதோடு நாவல் தொடங்குகிறது. பள்ளிக் கட்டணத்துக்காகத் தானே மக்காச்சோளம் விதைத்துப் பாடுபட்டவள் அவள். அந்தக் கதிர்களைத் திருடித் தன் நண்பர்களுக்குக் கொடுத்தவன் அந்த அண்ணன். புத்தகத்தைச் சமைத்துப் புருஷனுக்குப் போடுவாயா என்று கேட்பவர் அவளைப் பெற்ற தகப்பன். படிக்கும் பெண்பிள்ளைகளையும் அன்றைய கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.

நைஜீரியாவின் சினுவா அச்சிபி இல்லாமலா என்று சிலர் கேட்பார்கள். 1958-இல் வந்த அவரது நாவல் தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. தாராளமாகப் படியுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: விவாதத்தை வெள்ளைக்காரப் பாதிரிமார்களிடமிருந்து தொடங்காதீர்கள். நாவலின் பெரும்பகுதியில் அவர்கள் வருவதே இல்லை. தன்னை அப்பா என்று அழைத்து, உயிருக்குப் பயந்து தன்னிடமே ஓடிவரும் சிறுவன் இக்கெமெஃபுனாவை, நாவலின் நாயகன் ஒகோன்க்வோ வெட்டுகிறான். ஊரார் கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். அங்கிருந்து தொடங்குங்கள்.

தமிழில் மட்டுமே படிக்கும் உறுப்பினர்கள் அதிகம் என்றால், கென்யாவின் கூகி வா தியாங்கோவுக்குப் போகலாம். எஸ்.பொ. மொழிபெயர்த்த 'தேம்பி அழாதே பாப்பா' எளிமையானது. சிறைக்குள் கழிப்பறைக் காகிதத்தில் கிகூயூ மொழியில் அவர் எழுதிய நாவல், அமரந்தாவும் சிங்கராயரும் மொழிபெயர்க்க 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்திருக்கிறது. அதை வட்டம் நன்றாகப் பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம், அவசரமில்லை. ஆங்கில நூல்களைப் பொறுத்தவரை, எங்கள் வட்டத்தில் ஆங்கிலம் வசப்பட்ட இருவர் முன்கூட்டியே படித்து வந்து, முக்கியமான அத்தியாயங்களைத் தமிழில் விரிவாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டவர்கள் வாதத்தில் சற்றும் பின்தங்கியதில்லை.

தங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆப்பிரிக்க நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் எவை இப்போது விற்பனையில் இருக்கின்றன, எந்தப் பதிப்பகத்தில் கிடைக்கும் என்ற விவரத்தை இதழில் ஒரு பக்கம் வெளியிட்டால், வாசகர் வட்டங்கள் பிரதி தேடி அலைய வேண்டியிருக்காது. மரியாமா பாவின் அந்த நாவலிலிருந்து, உரிய அனுமதியோடு, ஓர் அத்தியாயத்தையாவது மொழிபெயர்த்து வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்,
திருநெல்வேலி.