ஊருக்கு வருவதா என்று கேட்டாய்

அன்பின் குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்கு நீ கட்டும் வாடகையை வாசித்ததும் எனக்கே வியர்த்துவிட்டது. திருகோணமலைக்குத் திரும்பி வந்தால் நிம்மதியாக வியாபாரம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். வியாபாரம் செய்யலாம். நிம்மதிக்கு நான் பொறுப்பில்லை.

இங்கே என் ஹாட்வெயார் கடைக்குக் காசு பருவம் பார்த்துத்தான் வரும். பெரும்போகம் வெட்டி நெல் விற்றதும், மாசி பங்குனியில் தம்பலகாமத்தாரும் கந்தளாயாரும் பழைய கணக்கைத் தீர்க்க வருவார்கள். அதோடு உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர்களும் பெயின்ட், குழாய், கதவுப் பிணைச்சல் கேட்டு வந்துவிடுவார்கள். வெளிநாட்டவர் வரும் காலம் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரைதானே. போன வருடம் பூட்டிய பிணைச்சல் இந்த வருடம் துருவேறி நிற்கும். உப்புக் காற்று எனக்குச் சம்பளம் கேட்காத விற்பனையாளன். சோளகக் காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி என்ற தற்காலிகக் குடிசை போடுவார்கள். கயிறும் மிதவையும் அப்போது நன்றாக ஓடும். வாடைக் காற்று கிளம்பிவிட்டால் கதிரையில் இருந்து பத்திரிகை வாசிக்க வேண்டியதுதான்.

போன கிழமை சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நைலோன் கயிற்றின் நுனியைப் பிரித்து, இழைகளை விரலில் உருட்டி, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். "மற்றக் கட்டைக் காட்டு தம்பி" என்றார். அதையும் கடித்தார். பிறகு "கொப்பியில் எழுது" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். எழுதினேன். வேறென்ன செய்வது? வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோவிலில் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். மீன் பட்டால் காசோடு ஒரு பை கணவாயும் வரும். வெள்ளவத்தைக் காலி வீதியில் உனக்கு யார் கணவாய் தருகிறார்கள்?

கிண்ணியா ஆட்களும் இப்போது நம் வாடிக்கையாளர்கள். கடலைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்திருந்து சீமெந்துப் பை ஏற்றிய காலம் உனக்குத் தெரியும். 2009இல் பாலம் திறந்த பிறகு, காலையில் தொலைபேசியில் சொன்னால் மத்தியானத்துக்குள் லொறி போய்த் திரும்பிவிடுகிறது.

கெட்டதையும் சொல்ல வேண்டும். பத்து ரூபா கூட்டி விற்றால் பின்னேரத்துக்குள் சந்தை முழுவதும் தெரிந்துவிடும், தமிழிலும் சிங்களத்திலும். சாமான் முடிந்தால் இரவு ரயிலில் கொழும்புப் புறக்கோட்டைக்கு ஓட வேண்டும். உன் மகளை உயர்தரப் பரீட்சைக்கு முன் இடம் மாற்றாதே. அவள் எழுதி முடிக்கட்டும்.

மத்திய வீதியில் ஒரு கடை காலியாகப் போகிறது. பின்னால் களஞ்சியத்துக்கும் இடம் உண்டு. உரிமையாளர் இரண்டு வருட முற்பணம் கேட்கிறார். கூரை ஒழுகுவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கார்த்திகை மழையில் வந்தாயானால் எங்கெங்கே ஒழுகுகிறது என்று காட்டியே விலையைக் குறைக்கலாம். எங்கள் வீட்டிலேயே தங்கு.

அன்புடன்,
ரவி